காலை எடுக்கக் காப்பீடு உண்டு, காலைக் காக்க?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிமாநில மருத்துவமனைகளுக்கெல்லாம் போகிறது. அதே வட்டாரத்தில், சர்க்கரைப் புண்ணைப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நாங்கள் களப்பணியில் பார்க்கிறோம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாக்கடையில் இறங்குவது யார், சேற்றில் வெறுங்காலோடு நிற்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தோழர்களே. நம் தாத்தாக்களை ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்ற வைத்த அதே சாதிதான் இன்று நம் கால்களைக் கழிவுநீரில் நிறுத்தியிருக்கிறது.

சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்தால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. சீழ் பிடித்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அடிப்படையில் அது உள்நோயாளிகளுக்கான திட்டம். படுக்கையில் சேர்ந்து விரலையோ காலையோ எடுக்க அதில் வழி இருக்கிறது. புண் வராமல் காக்கும் எம்.சி.ஆர். செருப்புக்கு இல்லை. அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றுவது இலவசம்தான். ஆனால் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. கூலிக்குப் பயந்து கட்டை விடுகிறவர் கடைசியில் காலையே விடுகிறார்.

இது முடியாத காரியமா? தொழுநோயால் பாதம் மரத்தவர்களுக்கு அரசு எம்.சி.ஆர். செருப்பை இலவசமாகவே தருகிறது. நோயின் பெயர் மாறினால் பாதம் மாறிவிடுமா? இ.எஸ்.ஐ.யில் பதிவான மில் தொழிலாளிக்கு நோய்க்கால விடுப்பில் 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. வயற்கூலிக்கு மட்டும் ஏன் இல்லை? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்லது. செருப்பையும் கூலியையும் யார் கொண்டுவருவது?

நம் கோரிக்கை மூன்று: வெளிநோயாளிப் புண் சிகிச்சை, பாதுகாப்புச் செருப்பு, சிகிச்சை நாட்களுக்கான கூலி. மூன்றும் காப்பீட்டுக்குள் வர வேண்டும். மே 1 கிராமசபையில் இதைத் தீர்மானமாக்கக் கேளுங்கள். நகராட்சியில் கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுங்கள். அதற்கு முன், இன்றிரவே வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்களின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அவர்களுக்கு வலிக்காது, அதனால்தான் நாம் பார்க்க வேண்டும்.