125 கிராம் ரொட்டி

சென்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போகும் யாத்திரிகர்கள் ஜார் சக்கரவர்த்திகளின் மாளிகைகளையும் ஹெர்மிடாஜ் சித்திரசாலையையும் கண்டு களித்துத் திரும்புவதே வழக்கமாயிருக்க, நானோ தூறல் விடாத ஒரு காலைப்பொழுதில் பஸ் ஏறி, நகரின் வடபுறத்திலுள்ள பிஸ்கரியோவ்ஸ்கோயே மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலருகே சிறியதொரு காட்சிக்கூடம். அதிலே, லெனின்கிராட் என்று இந்நகர் பெயர் கொண்டிருந்த யுத்த காலத்து ரொட்டிப் பங்கைக் காட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் கறுத்த துண்டு. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, ஆலைத் தொழிலாளர் நீங்கலாக, குமாஸ்தாக்களுக்கும் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் முழுமைக்கும் அளந்து கொடுத்தது இந்த 125 கிராம்தான். அதிலும் மாவோடு மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்திருந்தன. அன்று காலை ஹோட்டலில் நான் தின்னாமல் ஒதுக்கிவிட்டு வந்த ரொட்டி இதைவிடப் பெரிது.

மழை பொய்த்து வரும் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருக்கிறோம். 1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மானியப் படைகள் இந்நகரின் கடைசித் தரைவழியையும் அடைத்து, 872 நாட்கள் நீடித்த முற்றுகையைத் தொடங்கின. நகரம் சரணடைய முன்வந்தாலும் ஏற்கலாகாது என்றே அவர்களுடைய மேலிடம் தீர்மானித்தது. ஆகவே இது வானம் செய்த பஞ்சமன்று, தேசப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு மனிதர் வரவழைத்த பஞ்சம்.

அதே கூடத்தில் தான்யா சாவிச்சேவா என்ற சிறுமியின் குறிப்பேட்டுப் பிரதி இருக்கிறது. அகரவரிசையில் விலாசம் எழுதுவதற்கான ஏடு அது. அக்கா, பாட்டி, அண்ணன், தகப்பனாரின் சகோதரர் இருவர், கடைசியில் அம்மா என்று ஆறு பேர் இறந்த நாளையும் வேளையையும் அவரவர்க்குரிய எழுத்தின் பக்கத்திலேயே, பிசகாமல், அந்தப் பன்னிரண்டு வயதுக் குழந்தை எழுதி வைத்திருக்கிறாள். 1944இல் அவளும் போனாள்.

வெளியே, புல் போர்த்த நீண்ட மேடுகள் 186. ஏறத்தாழ 4,20,000 ஊர்ஜனங்களும் 70,000 போர்வீரர்களும் அவற்றின் அடியில் கிடக்கிறார்கள். சேனாதிபதிகளின் பெயர்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் நம் சரித்திர பாடங்களுக்கு இந்த மேடுகளில் படிக்க ஒன்றுமில்லை. தலைமாட்டுக் கல்லில் பெயர் கிடையாது, 1942 என்பதுபோல் வருஷமும் ஓர் அடையாளமும் மாத்திரமே. வீரர் என்றால் நட்சத்திரம், ஊர்ஜனம் என்றால் அரிவாள் சுத்தியல்.

குடையைப் பிடித்தபடி வந்த மூதாட்டி ஒருத்தி, பையிலிருந்து ரொட்டித் துண்டொன்றை எடுத்து அத்தகைய கல் ஒன்றின்மேல் வைத்துவிட்டுப் போனாள். எப்படியும் 125 கிராமுக்கு மேல் இருக்கும்.