அழுவதற்கு ஓர் இடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தன் தாயாரை இழந்த துயரத்திலிருந்து மீளாதிருந்த என் மனைவியோடு தென் தாய்லாந்துக்குச் சென்றேன். கையிலிருந்த பணம் சொற்பம். புக்கெட்டில் அமைதியான விடுதிகளின் வாடகை எங்களுக்கு எட்டவில்லை. எட்டிய விடுதிகளிலோ இரவெல்லாம் இரைச்சல்.

ஆகவே பேருந்தேறி வடக்கே ரனோங் நகரை அடைந்து, அங்கிருந்து படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பயணித்து, கோ பயாம் என்னும் சிறு தீவில் இறங்கினோம். அங்கே கார்கள் இல்லை. முந்திரித் தோப்புகளினூடே மோட்டார் சைக்கிள்கள் செல்லும் ஒடுங்கிய பாதைகளே உண்டு. முன்பதிவு செய்யாமல், கடற்கரையோரமாய் நடந்து விசாரித்தோம். சில நூறு பாட் வாடகையில் மூங்கில் குடில் ஒன்று கிடைத்தது. குளிர்சாதன வசதி இல்லை; மின்விளக்கும் மாலையில் சில மணி நேரமே எரிந்தது.

மூன்றாம் இரவு, அலையோசையன்றி வேறொன்றும் கேளாத அந்த இருளில், என் மனைவி முதன்முறையாக வாய்விட்டு அழுதார். அதுவரை ஆறுதல் மொழிகளையே அடுக்கிவந்த நான் அன்று மௌனமாய் அருகிருந்தேன்.

நீங்களும் செல்வதானால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே செல்லுங்கள். மழைக்காலத்தில் பல குடில்கள் மூடப்பட்டிருக்கும். வசதிகளைத் துறக்கத் துணிந்தால் செலவு குறையும், இரைச்சலும் அடங்கும். துயருற்றோர்க்குச் சில வேளைகளில் அறிவுரையைவிட அத்தகைய அமைதியே தேவை.