நானும் தாதியாக வர இருந்தேன்

சென்ற வருடம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. "இவள நேர்சாக்கிப் போட்டா என்ர கவல தீரும் மிஸ். நீங்க சொன்னாக் கேப்பாள்" என்றார் அந்தத் தாய். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. 2005 ஆம் ஆண்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

நான் படுவான்கரையில் பிறந்தவள். 1990 இல் கொண்டு போகப்பட்ட அப்பா திரும்பி வரவில்லை. அம்மா வயல் வேலை செய்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். 2003 ஆம் ஆண்டு மாசி மாதம், வேளாண்மை வெட்டுக்குப் போன இடத்தில் அம்மாவைப் புடையன் பாம்பு தீண்டியது. அப்போது மண்முனைத் துறையில் பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் 'பாதை' மட்டுமே இருந்தது. அது அக்கரையிலிருந்து வந்து சேரும்வரை அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மூன்று இரவுகள் அம்மாவுடன் நின்றேன். முதல் இரவில் கடமையில் இருந்த நேர்ஸ் அக்காவை இன்றும் மறக்க முடியாது. அவர் ஆறுதல் வார்த்தை பேசியது மிகக் குறைவு. அடிக்கடி வந்து அம்மாவின் கண்மடல் சோர்கிறதா என்று பார்த்தார், மூச்சை எண்ணினார், சிறுநீரின் அளவையும் நிறத்தையும் குறித்தார். இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்த்தார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருளாம். விஷமுறிவு மருந்து சேலைனோடு ஏறும்போது சிலருடைய உடம்பு அதை ஏற்காது, நடுக்கமும் மூச்சுத்திணறலும் வரலாம் என்று சொல்லி, அவர் கட்டிலை விட்டு அகலாமல் நின்றார். அம்மாவின் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. எப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தார். நான் துடைத்தேன்.

தாதி என்றால் இரக்கமுள்ளவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அம்மாவைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எப்போது வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி அங்கே விழித்திருந்தாள். அன்று எனக்கும் அப்படி ஒரு ஆசை வந்தது. அம்மாவும் வீட்டுக்கு வந்ததும் வருவோர் போவோரிடமெல்லாம், "என்ர மகள் நேர்சாத்தான் வருவாள்" என்று சொல்லத் தொடங்கினார்.

2004 மார்கழியில் சாதாரண தரம் எழுதினேன். கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டுமே. விஞ்ஞானம் படிப்பதானால் துறை கடந்து நகரத்துக்குப் போய்த் தங்க வேண்டும். ரியூசனுக்குப் பணம் வேண்டும். துறையின் இரு கரைகளும் அன்று இரு வேறு கட்டுப்பாட்டில் இருந்தன. போகும் பிள்ளை வந்து சேரும்வரை தாய்மாருக்கு நெஞ்சில் தண்ணீர் இருக்காது. இத்தனைக்கும் நடுவே உறவினர், "இராவில வேலைக்குப் போற பொம்பிளய ஆருகா முடிப்பாங்க?" என்று கேட்டார்கள். அம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. காதில் கிடந்த தோட்டை அடகு வைக்க ஆயத்தமாக இருந்தார்.

பின்வாங்கியது நான்தான். "எனக்கு ரத்தம் கண்டா தலை சுத்தும், நேர்ஸ் வேலை சரிவராது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அது பொய். அம்மாவைத் தனியே விட்டுப்போகப் பயம். தோட்டை அடகு வைத்துப் படித்துவிட்டு பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் தவறிவிடுவேனோ என்றும் பயம். அதைவிட, கலைப்பிரிவில் படித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. உயர்தரம் முடித்த பிறகு ஒருமுறை தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது, விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்தேன். விஞ்ஞான, கணிதப் பிரிவினரையே கேட்டிருந்தார்கள். படிவத்தை மடித்து வைத்துவிட்டேன்.

பின்னர் பல்கலைக்கழகம் சென்று சமூகவியல் படித்தேன். இந்த வேலைக்கு வந்தேன். இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பொய்யினாலும் ஒரு தவறான எண்ணத்தினாலும் ஒரு வழி மூடப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

அதனால் அந்தப் பிள்ளையிடம் நான் "நேர்சாகு" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாதிய உத்தியோகத்தரிடம் தாயையும் மகளையும் கூட்டிச் சென்றேன். இரவுக் கடமை எப்படி, ஒருவர் கண் முன்னே இறந்தால் அடுத்த கட்டிலுக்கு எப்படிப் போவது, பிள்ளை பெற்ற பிறகு வேலைக்கு எப்படிப் போவது என்று பிள்ளையே கேட்டாள். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் பிள்ளை, "விஞ்ஞானம் படிச்சுப் பாக்கிறன் அம்மா. ஆனா உங்கட கவல தீரவேணும் எண்டு படிக்கேலாது" என்றாள். தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளின் தலையைத் தடவினார்.

சகோதரிகளே, தாதியாவதா இல்லையா என்ற கேள்விக்கு உயர்தரம் முடித்த பிறகல்ல, சாதாரண தர முடிவு வந்து பாடப்பிரிவு தெரிவு செய்யும் அந்தச் சில வாரங்களிலேயே பெரும்பாலும் விடை எழுதப்பட்டு விடுகிறது. அரச தாதியர் கல்லூரியில் பயிற்சி மூன்று வருடம். அக்காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பாகவும் கற்கலாம். தகுதிகளை அயலவர் சொல்லக் கேட்காமல் வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனத்தில் 'நேர்சிங்' என்று சொல்லிக் கட்டணம் கேட்டால், அந்தப் படிப்பை முடித்தவர் இலங்கைத் தாதியர் சபையில் பதிவு செய்ய முடியுமா என்று பணம் கட்டுமுன் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தின் பின்னால் வேறு காரணம் இருக்கலாம்.

2014 இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக 'பாதை'க்குக் காத்திருக்கத் தேவையில்லை. அண்மையில் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தால் போகும்போது, என் பழைய பொய்யைச் சொன்னேன். அம்மா சிரித்தார்.

"என்ர முரசால வந்த ரத்தத்தத் துடைச்ச புள்ள நீ. உனக்கு ரத்தம் கண்டு தலை சுத்துமா? எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகு ஏன் அம்மா ஒண்டும் கேக்கல?"

அம்மா வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயும் துறையக் கடந்து போனா வீட்டுல ஆரு புள்ள எண்டு எனக்கும் பயந்தான்."