பதிவேட்டில் இல்லாத கையெழுத்து

ராத்தா குவைத்துக்குப் போனது 1983இல். கல்வீடு இல்லாத குமருக்கு மாப்பிள்ளை பேச முடியாது என்பது எங்கள் கிழக்கு மாகாணத்து வழக்கம். வீடு பெண்ணுக்குரிய சீதனம். அதைக் கட்ட வேண்டிய வாப்பாவோ நோயாளி. ஆகவே தன் சீதனத்தைத் தானே உழைக்கப் போனாள். நான்கு வருடம் பிறர் வீட்டைக் கூட்டித் துடைத்து அனுப்பிய பணத்தில் சுவர் எழுந்தது, ஓடு ஏறியது, என் படிப்பும் நடந்தது.

1987இல் அந்த வீட்டு விறாந்தையில்தான் அவளுடைய கலியாணம் பேசப்பட்டது. ஆண்கள் பாயில் இருந்தோம். ராத்தா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நிகாஹ் அன்று ஒப்புக்குக் கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்திட்டார். வலியாக வாப்பா கையெழுத்திட்டார். மணமகளின் கையெழுத்தை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கேட்கவேயில்லை.

பொருளாதாரம் வளர்ந்தால் வாழ்வில் பாதுகாப்பு வரும். பாதுகாப்பு வந்தால் மனிதர் தம் விருப்பத்தைச் சொல்லத் துணிவர். அதிலிருந்து ஜனநாயகம் வலுப்பெறும். றொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் கிறிஸ்டியன் வெல்சலும் 2005இல் வெளியிட்ட நூலின் சாரம் இது. அதை வாசித்தபோது எனக்கு அந்தக் குசினிதான் நினைவுக்கு வந்தது.

நமது நாடு இந்த வரிசையில் நடக்கவில்லை. 1931இல், வறுமையோடு வறுமையாகவே, ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஆனால் 1982இல், பொதுத் தேர்தல் நடத்தாமல், சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. பணம் வரும் வழி அகன்ற காலத்தில் வாக்கின் வழி ஒடுங்கிற்று. எங்கள் வீட்டிலும் காசு கூரையை மாற்றியதே தவிர, பாயில் யார் இருப்பது என்பதை மாற்றவில்லை.

ஆயினும் அவர்கள் சொன்னது பிழை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இளமையில் அனுபவித்த பாதுகாப்பே ஒருவரின் விழுமியங்களை உருவாக்குகிறது, ஆகவே மாற்றம் தலைமுறை தாண்டித்தான் தெரியும் என்றும் இங்கிள்ஹார்ட் எழுதியிருக்கிறார். ராத்தாவின் மகள் அந்தக் கல்வீட்டில் வளர்ந்தவள். வெளியே யுத்தம் நடந்தது. உள்ளே அடுப்பு அணையவில்லை. இலவசக் கல்வி அவளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. அந்தக் கல்வியைத் தந்ததும் குவைத் காசு அல்ல. 1931இன் வாக்குரிமையால் தெரிவான அரசாங்க சபை.

2014இல் அதே விறாந்தையில் அவளுக்குக் கலியாணம் பேசினோம். ராத்தா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மொதல்ல புள்ளக்கிட்டக் கேளுங்க. அவ சொன்னதுக்குப் பொறகு நீங்க பேசுங்க."

பாயில் இருந்த எங்களுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. நான் எழுந்து உள்ளே போய் மருமகளிடம் கேட்டேன்.

"படிப்பு முடியட்டும் மாமா" என்றாள்.

இருபத்தேழு வருடம் பிந்திய கேள்வி அது. கேட்டிருக்க வேண்டியவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.