கதவுக்கு உள்ளே

2001-ல் கடலூரில் எனக்குத் தலைப்பிரசவம். அறைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நான், வராந்தாவில் அம்மா. அன்று பட்டது வலி பாதி, பயம் பாதி.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குப் பெண் துணை இருக்கலாம் என்று தமிழ்நாடு 2004-ல் ஏற்பாடு செய்தது. மூன்று வருஷம் பொறுத்துப் பெற்றிருக்கலாம்!

சென்ற மாதம் சிதம்பரத்தில் அக்கா மகளுக்கு வலி கண்டது. அக்கா இல்லை, ஆகவே நான் போனேன். கதை எழுதுகிறவள் என்பதை யாரும் லட்சியம் செய்யவில்லை. பிள்ளை பெற்றவளா என்றுதான் கேட்டார்கள்.

மேல்நாட்டில் இப்படித் துணையிருப்பவளை 'டூலா' என்பார்கள். கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். சம்பளமும் உண்டாம். நான் இடுப்பைத் தேய்த்துவிட்டேன், வெந்நீர் கொடுத்தேன். "போயிடாதே சித்தி" என்றாள், போகவில்லை.

விடியற்காலையில் பெண் குழந்தை. வராந்தாவுக்கு வந்தேன். அம்மா குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை.

"உன்னை உள்ளே விட்டாங்களாடி?" என்றாள்.