போடியோடு நின்ற தண்டவாளம்

கம்பம்மெட்டில் மாலை மூன்றரை மணி. ஏலத்தோட்டம் ஒன்றின் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கங்காணி இரும்புக் கம்பியால் தட்டுகிறார். அன்றைய வேலை முடிந்தது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஜீப்பை நோக்கி விரைகிறார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கம்பம், அவர்கள் வீடு.

இந்த ஊர் தண்டவாளத்தைத் துண்டாகத்தான் பார்த்திருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. மூணாறு தேயிலைக்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் சாலையில் ஓடும், இழுத்தவை மாடுகள். 1908இல் அது இரண்டடி அகல ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலை, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை.

மலைக்குக் கீழே, மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது. அந்தத் தண்டவாளமும் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டது. பிறகு அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடக் காத்திருப்பு.

இத்தனைக்கும் தண்டவாளங்களுக்கு இடையே கூடியது சுமார் 68 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் 1,676 மில்லிமீட்டரானது. ஆனால் அதற்காக ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்ட வேண்டும். பாலங்களை மாற்ற வேண்டும். அடியில் கிடக்கும் கட்டைகள் அத்தனையும் புதிதாக வேண்டும்.

அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர்'. மொழிபெயர்ப்பாளன் கையில் சிக்கியிருந்தால் 'உறங்கி' என்று ஏதாவது செய்திருப்பான். ரயில்வேத் தொழிலாளர்கள் 'சிலிப்பர் கட்டை' என்று சொல்லி வேலையைப் பார்த்தார்கள். பெயரில் தூக்கம் இருந்தாலும் அதற்கு ஓய்வில்லை. இரண்டு தண்டவாளமும் விலகாமல் பிடித்துக்கொள்வதும், ரயிலின் பாரத்தை வாங்கி அடியிலுள்ள ஜல்லிக்குப் பரப்பித் தருவதும் அதன் வேலை. ஜல்லி அதிர்வைத் தாங்கும், மழைநீரையும் தேங்கவிடாது.

முதலில் தேக்கு, சால் போன்ற மரங்கள் கட்டையாயின. மழையும் கரையானும் பதினைந்து வருடத்துக்குள் தின்றுவிடும். மாற்ற மறுபடி காட்டை வெட்ட வேண்டும். வார்ப்பிரும்பும் எஃகும் வந்தன. இப்போது கான்கிரீட். எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்து, கான்கிரீட்டை வார்த்து, இறுகியதும் பிடியைத் தளர்த்துகிறார்கள். சுருங்கப் பார்க்கும் கம்பி கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கிறது. பாரம் ஏறும்போது விரிசல் விடாது. எடை கால் டன்னுக்கு மேல். ஐம்பது வருடம் உழைக்கும் என்பது கணக்கு. கிலோமீட்டருக்கு 1,660 கட்டை என்று வைத்தாலும் மதுரை-போடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கட்டைகள். மரம் போன பிறகும் பெயரில் 'கட்டை' மட்டும் நிலைத்துவிட்டது.

போடி ஸ்டேஷனில் தண்டவாளம் முடியும் இடத்தில் நின்றால் எதிரே மலை. இடுக்கியில் விளையும் ஏலக்காய்க்குப் போடி பெரிய சந்தை. காயைப் பறிக்கும் கைகளோ கம்பம், கூடலூர், போடியிலிருந்து தினமும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகின்றன. விபத்துச் செய்திகள் இங்கே புதிதல்ல. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் நீண்டகாலக் கோரிக்கை. அது வந்தாலும் அடிவாரம் வரைதான்.

கம்பம்மெட்டில் ஜீப் ஏறப் போன ஒரு பெண்ணிடம் ரயிலைப் பற்றிக் கேட்டேன். "ரயில் மதுரை, மெட்ராஸ் போறவுகளுக்கு சார். எங்களுக்கு ஜீப்புல உக்கார இடம் கெடைச்சாப் போதும்" என்றார்.

அவருக்குக் கிடைக்கவில்லை. பின்பக்கப் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜீப் வளைவில் இறங்கியது.