காவோலை கழிக்காத செடி

அக்டோபர் 11, சிங்காசா

கொலம்பியாவின் பொகோட்டா நகரமே 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே ஏறி, மரங்கள் நின்றுபோகும் எல்லையைத் தாண்டினால் சிங்காசாவின் பாராமோ: குளிரும் மூட்டமும் விலகாத ஈரப் புல்வெளி. நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஃப்ரைலெஹோன் செடிகள்.

தாவரவியல் பெயர் எஸ்பெலெட்டியா கிராண்டிஃப்ளோரா, சூரியகாந்திக் குடும்பம். பெரும்பாலும் கிளைவிடாத ஒற்றைத் தண்டு, உச்சியில் வட்டமாக விரிந்த நீள இலைகள். ஒரு இலையைத் தடவிப் பார்த்தேன். இருபக்கமும் வெண்ரோமம் அடர்ந்திருக்கிறது. அதன்மேல் மூட்டத்தின் துளிகள் கோத்து நிற்கின்றன. இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும் காம்புகளில் மஞ்சள் பூக்கள். ஒவ்வொன்றும் உண்மையில் பல சிறுபூக்களின் கூட்டம். ஓரத்து இதழ்ப்பூக்கள் பெண். விதை அவற்றில்தான் பிடிக்கும். நடுவிலிருப்பவை மகரந்தம் தருவதோடு சரி. கறுத்துப் பருத்த வண்டுத்தேனீ ஒன்று பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரிலும் பறக்க அதற்குத் தெம்பிருக்கிறது.

அக்டோபர் 12

வந்தவர்கள் எல்லோரும் பூவைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கோ கீழே தொங்கும் சருகுகள்மீதுதான் கண். செத்த இலைகள் உதிர்வதில்லை. காவோலை கழிக்காத வடலிப் பனை மாதிரி, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. பார்வைக்கு அழுக்கு, செடிக்கு உயிர். தண்டின் நடுவே நீர் நிறைந்த சோறு இருக்கிறது. விடிகாலையில் மண் குளிர்ந்து வேர் தண்ணீர் உறிஞ்சத் திணறும்போது, வெயில் பட்ட இலைகளுக்கு அந்தச் சேமிப்புதான் கைகொடுக்கிறது. இரவில் அது உறைந்துவிடாமல் காப்பது இந்தச் சருகுப் போர்வை. வெனிசுவேலாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியில் ஆய்வாளர்கள் சருகை உரித்துப் பார்த்தார்கள். இலைகள் வாடின, செடிகள் மடிந்தன.

"சருகை இழுக்காதீங்க" என்று வழிகாட்டி அம்மா ஒரு பையனைத் தடுத்தார். அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அந்தப் பிள்ளையிடம் அவர் காட்டிய கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 14, பொகோட்டா

நகரத்தின் குடிநீரில் சுமார் 70 சதவீதம் சிங்காசா நீர் வழங்கல் அமைப்பிலிருந்து வருகிறது. 2024 ஏப்ரலில் அதன் நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தபோது, பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள்; ஓராண்டு நீடித்தது அது. ஃப்ரைலெஹோன் தண்ணீரை உற்பத்தி செய்கிறது என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். அந்த அன்பு புரிகிறது, ஆனாலும் கணக்கைச் சரியாக வைப்போம். தண்ணீரைப் பெரும்பாலும் பிடித்துவைப்பது மட்கு நிறைந்த கரிய மண்ணும் பாசியும். ஃப்ரைலெஹோனும் புல்லும் அந்த மண்ணை மூடிக் காக்கின்றன. மூட்டத்தின் ஈரத்தையும் இறக்கித் தருகின்றன. இவற்றில் ஒன்றை அழித்தாலும் மற்றவை நிலைக்காது.

தீயும் மாடும் உருளைக்கிழங்கு வயலும் பல பாராமோக்களைத் தின்றிருக்கின்றன. 2018இல் பாராமோக்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது நல்ல காரியம். ஆனால் அழிந்த இடத்தில் இந்தச் செடி மீள்வது எளிதல்ல. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் அது வளரும். சூரியகாந்திக் குடும்பத்தில் பல செடிகளுக்கு விதையைப் பறக்கவைக்கும் பஞ்சு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. விதை பெரும்பாலும் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகிறது. தாய் நின்ற இடத்தை உழுதுவிட்டால், அடுத்த குன்றிலிருந்து விதை வந்து சேர்வது அரிது.